பூச்சுத் தாளில் சந்தனக் கை

நோட்டுத் தாளில் வெள்ளைப் பூச்சு பூசிக் காயவைத்து, அதன் மேல் எந்தப் பேனா எழுதும், எந்தச் சாயம் நிற்கும் என்று பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. படம் போடுவதைவிட இதுதான் பிடிக்கும். வெளியில் சொல்லக் கூச்சமாக இருக்கும். உப்பு மட்டும் பார்த்துவிட்டு அடுப்பை அணைக்கிற சமையல்காரி மாதிரி கேட்பவர்களுக்குத் தோன்றலாம். ஆனால் படம் என்று ஒன்றைப் போட்டால் அது சரியா தப்பா என்று நாலு பேர் சொல்வார்கள். சோதனைத் தாளை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

போனில் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். நோட்டுப் பக்கங்களைப் படமும் எழுத்துமாக நிரப்புவதை ஜர்னல் என்கிறார்கள். மெல்லிய நோட்டுத் தாளில் நேராகச் சாயம் பூசினால் ஊறிப்போய்ப் பின்பக்கம் வந்துவிடும், தாளும் சுருங்கும். முதலில் பூச்சு பூசிவிட்டால் தாள் அட்டை மாதிரி விறைத்து நிற்கும். அவர்கள் பூசுவது ஜெஸ்ஸோ என்று டப்பாவில் வருகிறது. கடலூரில் நான் கேட்ட ஸ்டேஷனரி கடையில், "அது இன்னாதும்மா, பெயிண்டு கடையில கேளுங்க" என்றார்கள். பெயிண்டுக் கடையில் சுவருக்கா, கதவுக்கா என்றார்கள். நோட்டுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று திரும்பிவிட்டேன்.

பிறகு நானே ஒன்றைக் குழைத்தேன். கோலமாவைப் பழைய வேட்டித் துணியில் சலித்து, வெள்ளைப் பசையும் கொஞ்சம் வெள்ளை அக்ரிலிக் பெயிண்டும் தண்ணீரும் சேர்த்து, தோசை மாவைவிட இளக்கமாக. தாளில் பூசிக் காய்ந்ததும் விரலால் தடவினால் பூனை நாக்கு மாதிரி சொரசொரப்பாக இருக்கும். எங்கள் வீடு தேவனாம்பட்டினம் போகிற சாலையில். கடல் காற்றில் அப்பளமே விறைப்பாக நிற்காது, பூச்சு எப்படிக் காயும்? காய்ந்துவிட்டது என்று நினைத்து மூடினால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் பூச்சு உரிந்து வரும். அதனால் நடுவில் கேரம் போர்டு பவுடர் தூவி வைப்பேன். தூவினால் பேனா வழுக்கும். துடைத்துவிட்டு எழுத வேண்டும். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு கவலை, ஒவ்வொரு கவலைக்கும் ஒரு சோதனை.

என் வீட்டுக்காரர் மஞ்சக்குப்பத்தில் பைக் சீட் கவர் தைக்கிற கடை வைத்திருக்கிறார். நான் தாள்களைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்து ஒருநாள் சொன்னார்:

"டெஸ்ட்டுன்னு சொன்னாலே ஓடிப்போனவ, இப்ப வூட்லயே டெஸ்ட்டு வைக்கிற."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். உண்மையும் அதுதான். ஒன்பதாவது பாதியில் நின்றேன். யாரும் நிறுத்தவில்லை. கணக்கு வாத்தியார் போர்டுக்குக் கூப்பிட்டுவிடுவாரோ என்ற பயத்தில் வயிற்றுவலி என்று படுத்தேன், படுத்தவள் பள்ளிக்கூடத்துக்கு எழுந்து போகவேயில்லை. ஏன் படிக்கவில்லை என்று யாராவது கேட்டால் வீட்டில் கஷ்டம் என்பேன். எங்கள் வீட்டில் அவ்வளவு கஷ்டம் கிடையாது. அண்ணனை அதே வீட்டிலிருந்துதான் படிக்க வைத்தார்கள்.

அந்த அண்ணன் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் அலுவலக வேலையில் இருக்கிறார். அங்கேயே குடியிருப்பில் வீடு. அவர் மகளுக்கு இந்த வைகாசியில் கல்யாணம் வைத்தார்கள். மாப்பிள்ளை வீடு பெண்ணாடம், கரும்பு போடுகிற குடும்பம். பத்திரிகை வைக்க அண்ணனும் அண்ணியும் மகளும் கடலூர் வந்தபோது, கொடியில் தொங்கிய தாள்களைப் பார்த்துவிட்டாள் என் மருமகள். சின்னதிலிருந்தே அவளுக்கு எதையும் தொட்டுப் பார்க்க வேண்டும். பூச்சைத் தடவிப் பார்த்தாள்.

"அத்தெ, என் ரிசப்ஷனுக்கு இதுல ஒரு புக்கு செஞ்சி குடுங்க. வர்றவங்க எல்லாரும் அதுல எனக்கு எழுதணும்."

"அதெல்லாம் ஆன்லைன்லயே அழகழகா கெடைக்குதுடி. அத்தைக்கு எதுக்கு வீண் சிரமம்?" என்றாள் அண்ணி.

அண்ணி சிரமம் என்று சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், மருமகளுக்கும் தெரிந்தது. "கடையில வாங்குனா கடையோடது. இது எங்க அத்தை செஞ்சது" என்று முடித்துவிட்டாள்.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் என் இடம் எப்போதும் உள்ளறைதான். தாம்பூலப் பையில் தேங்காய் போடுவேன், வாழையிலை எண்ணிக் கொடுப்பேன். முன்னால் மேசை போட்டு, நாலு பேர் பார்க்க, நான் செய்த ஒன்று இருக்கப்போகிறது. அதை நினைத்து இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். மூன்றாம் நாள் பயம் பிடித்துக்கொண்டது.

எழுதப்போவது நான் இல்லை, ஊரே எழுதப்போகிறது. அதனால் சோதனை முன்னைவிட ஜாஸ்தியாயிற்று. வீட்டில் இருந்த, கடையில் கிடைத்த எல்லாவற்றையும் பூச்சுத் தாளில் ஓட்டினேன். பென்சில் அருமையாகப் பிடித்தது, ஆனால் கல்யாணத்தில் யாராவது பென்சிலில் வாழ்த்து எழுதுவார்களா? வாட்டர் கலர் பூச்சின் மேல் முத்து முத்தாக உருண்டது. ஸ்கெட்ச் பேனா காயவே மாட்டேன் என்றது. மார்க்கர் நன்றாக நின்றது, ஆனால் எழுத்து தடியாக விழுந்தது, ஸ்பிரிட் வாடை வேறு. சாதாரண பால்பாயிண்ட் பேனா கரகரவென்று இழுத்தது. முனையில் கோலமாவு அடைத்துக்கொண்டு பாதி எழுத்து விழவில்லை. ஜெல் பேனாதான் வெண்ணெய் மாதிரி ஓடியது. தங்க நிறமும் மெரூனும் அந்த வெள்ளையில் பட்டுப்புடவைக் கரை போல எழுந்து நின்றன.

ஜெல் பேனாவுக்கு ஒரு குறை இருந்தது. பூச்சுத் தாள் மையைக் குடிக்காது. மை மேலாகவே உட்கார்ந்திருக்கும். காய்ந்த பிறகும் ஈரவிரல் பட்டால் இழுத்துக்கொண்டு வரும். இதை நான் பார்த்தேன். பார்க்காமல் இல்லை. தண்ணீர்ச் சொட்டு வைத்து, கட்டைவிரலால் தேய்த்து, எல்லாம் பார்த்தேன். பார்த்துவிட்டு, நோட்டுக்குப் பக்கத்தில் தண்ணீரை யார் கொண்டுவரப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணனுக்குப் போன் போட்டு, மேசையில் தண்ணீர் பாட்டில் வைக்கக் கூடாது என்று சொன்னேன். மறந்துவிடுவார் என்று திரும்பவும் போட்டுச் சொன்னேன். நாங்கள் கொடுக்கிற பேனாவில்தான் எழுத வேண்டும், பாக்கெட்டிலிருந்து பால் பேனா எடுக்க விடக்கூடாது என்றும் சொன்னேன். அண்ணன், "செரிம்மா, செரிம்மா" என்றார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் சிதம்பரத்தில் மண்டபத்தில் ரிசப்ஷன். அண்ணி மேசையை வாசலிலேயே போடச் சொல்லியிருந்தாள், வரவேற்பு மேசைக்கு ஒட்டினாற்போல். "வர்றவங்க அப்டியே சந்தனம் எடுத்துக்கிட்டு எழுதிட்டு உள்ள போட்டும். தனியா ஒரு கூட்டம் சேரக்கூடாது" என்றாள். நானும் தலையாட்டினேன். என் நோட்டைப் பட்டுத்துணி விரித்து வைத்தேன். முதல் பக்கத்தில் மருமகள் பேரையும் மாப்பிள்ளை பேரையும் சுற்றி மல்லிகைக் கொடி வரைந்திருந்தேன். இரண்டு மூன்று பேர் நல்லாருக்கு என்றார்கள். ஒருத்தி யார் செஞ்சது என்று கேட்டாள். நான்தான் என்று சொல்லிவிட்டு முகம் சூடாகி வேறெங்கோ பார்த்தேன்.

வாசலில் இரண்டு பெண்கள் பன்னீர்ச் செம்போடு நின்றார்கள். தாம்பாளத்தில் சந்தனக் கிண்ணம், குங்குமம், கற்கண்டு. வருகிறவர்கள் மேல் பன்னீர் விழுந்தது. கையை நீட்டி வாங்கித் தலையில் தடவிக்கொண்டார்கள். சந்தனத்தில் விரலை விட்டு நெற்றியில், கழுத்தில், கையில் பூசிக்கொண்டார்கள். அந்தக் கையோடு என் பேனாவை எடுத்தார்கள்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அதே பன்னீர்ச் செம்பைப் பிடித்து எத்தனை கல்யாணத்தில் நின்றிருப்பேன். தாள் மேல் யாராவது தும்மினால் என்ன ஆகும் என்றுகூடச் சோதித்தவள் நான். சந்தனம் என் நினைவுக்கே வரவில்லை. அது எப்போதும் இருப்பது. இருப்பதை யார் யோசிக்கிறார்கள்.

மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் நாலைந்து பேர் முதலில் எழுதினார்கள். ஒருவன் எழுதிய "மச்சான்" மேல் அடுத்தவன் கை பட்டு மெரூன் கோடு பக்கம் முழுக்க ஓடியது. அதன் மேல் மஞ்சள் விரல் ரேகை. "டேய், எழுதி முடிக்கறதுக்குள்ளயே அழிச்சிட்டியே" என்று சிரித்துக்கொண்டு போனார்கள். நான் கைக்குட்டையால் ஒற்றினேன். ஒற்ற ஒற்றப் பூச்சே கரைந்து வந்தது. பக்கத்தைத் திருப்பினேன், அடுத்ததும் அப்படியே. மல்லிகைக் கொடி வரைந்த பக்கத்தில் ஒரு குழந்தையின் கையைப் பிடித்து அப்பா எழுத வைத்தார், கற்கண்டு சாப்பிட்ட கை. உள்ளே வேலையாக இருந்த அண்ணி இதைப் பார்க்கப்போகிறாள் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள், துடைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். இளவட்டங்கள் துடைத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் பெண்ணாடத்திலிருந்து வந்த வேன் நின்றது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அக்கா, அந்தக் குடும்பத்தில் மூத்தவர், நாலைந்து பெண்களோடு இறங்கி வந்தார். பெரியத்தை என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்ததே அவர்தான். பச்சைப் பட்டு, கெட்டியான உடம்பு. சந்தனத்தைத் தாராளமாக எடுத்து இரண்டு கையிலும் பூசிக்கொண்டார். பிறகு மேசைக்கு வந்து, இடுப்புப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். உதட்டுக்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதப்போவதை எழுத்துக்கூட்டிப் பார்க்கிறார் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு நான் அவர் கையை மட்டும்தான் பார்த்தேன். அவர் பேனாவை எடுத்துக் கையைத் தாளில் ஊன்றப்போனார்.

"கையைத் தொடச்சிட்டு வாங்க, அழுக்காவுது" என்றேன்.

மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. துண்டையும் நீட்டினேன்.

அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். "இதுவா அழுக்கு?" என்றார். உடனே பின்னால் நின்ற பெண்களிடம் திரும்பி, "கரும்பு வெட்டுன கை பாரு, பொண்ணு வூட்டுக்கு அழுக்காத் தெரியுது" என்றார். பேனாவைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். உள்ளே வரவில்லை. வேனுக்குத் திரும்பிப் போய் ஏறி உட்கார்ந்துகொண்டார். கூட வந்த பெண்களும் போனார்கள்.

சந்தனம் மங்கலம். அதைத் துடை என்று சம்பந்தி வீட்டு மூத்தவளிடம், முகூர்த்தத்துக்கு முந்தின நாள், வாசலில் நின்று சொன்னவள் நான்தான். எங்கள் பக்கத்தில் இதைவிடச் சின்ன விஷயத்துக்குத் தாலி கட்டாமல் எழுந்துபோன கதையெல்லாம் உண்டு. அண்ணன் ஓடினார். மாப்பிள்ளையின் அப்பா ஓடினார். "சாப்பாடு வேணாம். காத்தாட ஒக்காந்திருக்கேன், போங்க" என்றாராம். கைநனைக்காமல் வேனில் உட்கார்ந்திருக்கிறார் என்ற செய்தி பந்தி வரைக்கும் போய்விட்டது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஓடிப்போய்க் காலில் விழுந்திருக்க வேண்டும். நோட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு காய்கறி வைத்திருந்த அறைக்குள் போய் நின்றேன். பூசணிக்காய்களுக்கு நடுவில். அண்ணி அங்கேயும் வந்தாள்.

"ஒரு நோட்டுக்கா இந்தப் பாடு? தாம்பூலப் பைகிட்ட நிக்க வைங்கன்னு அப்பவே சொன்னேன், கேட்டாத்தானே. எம் பொண்ணு நாளைக்கு அந்த வூட்டுக்குள்ள காலு வைக்கணும், தெரியுதா?"

தெரிந்தது. அதனால்தான் கால் நகரவில்லை. மன்னிப்புக் கேட்கப் போய் இன்னொன்று உளறிவிட்டால்?

அந்த அறை ஜன்னலுக்கு வெளியேதான் தெருவும் வேனும். எட்டிப் பார்த்தேன். மேடையை விட்டு இறங்கி மருமகள் வந்துகொண்டிருந்தாள். போட்டோக்காரர் கூப்பிடக் கூப்பிட, லெஹங்காவை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மண்டபத்து வாசல் தாண்டி, தெருவில் நிற்கிற வேனுக்கு. கல்யாணப் பெண் ரிசப்ஷன் மேடையை விட்டு இறங்கித் தெருவுக்கு வந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. வேன் கதவில் கைவைத்து அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

"பெரியத்தை, மத்தியானத்துலேருந்து நான் சாப்புடல. நீங்க வந்தாத்தான் எனக்கும் எலை போடுவாங்க. எறங்குங்க."

"ஒன்ன யாரும்மா எறங்கி வரச் சொன்னது?"

"எனக்குப் பசிக்குது பெரியத்தை."

கொஞ்ச நேரம் கழித்து அவர் இறங்கினார். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மறுநாள் முகூர்த்தம் குறையில்லாமல் நடந்தது. நான் தாம்பூலப் பைகளுக்குப் பின்னால் இருந்தேன். மருமகள் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அந்த நோட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். கோபப்பட்டிருந்தால் எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து சந்தனத்தைக் குழைத்து, பன்னீர் பாட்டிலைத் திறந்து வைத்து, திரும்பவும் சோதனை. இனி எதற்கு என்று தெரியாது, ஆனால் கை சும்மா இருக்கவில்லை. இரண்டு கையிலும் சந்தனத்தைப் பூசிக்கொண்டு எழுதிப் பார்த்தேன். ஜெல் பேனா கரைந்தது. மார்க்கர் நின்றது. கரகரவென்று இழுத்த அந்த பால் பேனாவும் நின்றது. முனையைத் துணியில் துடைத்துத் துடைத்து எழுதினால் போதும். யார் பாக்கெட்டிலும் இருக்கிற பேனா. எடுக்க விடாதீர்கள் என்று போன் போட்டுச் சொன்ன பேனா. கடையிலிருந்து சாப்பிட வந்த வீட்டுக்காரர் என் கையைப் பார்த்தார்.

"இன்னாம்மா, யாருக்குக் கல்யாணம்?"

நான் அழுதுவிட்டேன். பாவம், அவர் தன் தட்டைத் தானே எடுத்து வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு மருமகளிடமிருந்து போன் வந்தாலே குரலைத்தான் கவனிப்பேன். அவளும் மாப்பிள்ளையும் சிதம்பரத்தில்தான் குடியிருக்கிறார்கள், விசேஷத்துக்கெல்லாம் பெண்ணாடம் போகவேண்டும். போய் வந்தாயா, எல்லாரும் நல்லாப் பேசினார்களா என்று கேட்பேன். "நல்லாத்தான் பேசுனாங்க அத்தெ" என்பாள். அந்தத் "தான்" எதற்கு என்று ராத்திரி வரைக்கும் யோசிப்பேன். என் வாய்க்கு அவள் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாளோ என்பதுதான் என் பயம். கடைசியில் ஆவணியில் ஒருநாள், யாரிடமும் சொல்லாமல், பூச்சு பூசிய ஒரு தாளையும் ஒரு பால் பேனாவையும் பைக்குள் வைத்துக்கொண்டு விருத்தாசலம் வழியாகப் பெண்ணாடம் போனேன்.

கரும்புக்கு நடுவில் வீடு. பெரியத்தை வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"தெரியுது, நோட்டுக்காரிதானே. வா உள்ள."

காப்பி கொடுத்தார். நான் டம்ளரை வைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். பூச்சு, ஜெல் பேனா, ஈரம், கோலமாவு, சோதனை, உங்கள் கையைச் சொல்லவில்லை, தாளைத்தான் சொன்னேன், அண்ணிக்குப் பயந்துகொண்டு சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"கோலமாவா?" என்றார். "பேப்பரு மேல கோலமாவப் பூசி, அதுல பேனா எழுதுதான்னு டெஸ்ட்டு வேற வச்சியா? வெறும் பேப்பரக் குடுத்திருந்தா நான் எழுதிட்டுப் போயிருப்பேன்ல?"

தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பேனாவையும் வைத்தேன். இப்போது எழுதுங்கள், மருமகளிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன்.

அவர் தாளை விரலால் தடவினார். பிறகு என் பக்கம் தள்ளினார்.

"நான் நாலாவதுதான் படிச்சேன். வேன்ல வரும்போதே என்னா எழுதறதுன்னு யோசிச்சி, வாய்லயே சொல்லிக்கினு வந்தேன். ரெண்டு வரி. தப்பில்லாம எழுதணும்னு. இப்ப அது வரல. வராதத எப்படி எழுதுறது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும், போர்டுக்குப் பயந்து வீட்டில் படுத்துக்கொண்டவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"பொண்ணு மேல கோவமா இருக்கீங்களா?" என்று கேட்டேன். வந்தது அதைக் கேட்கத்தான்.

"அவ மேல எனக்கு இன்னா? மேடய உட்டு எறங்கி வந்தவ. எங்க வூட்ல ஒரு சொல்லு அவள யாரும் சொல்லல, நான் இருக்கற வரைக்கும் சொல்லவும் உடமாட்டேன்." என் டம்ளரை ஓரமாக நகர்த்தினார். "ஒம்மேலதான் வருத்தம். இருக்குது. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். போவும்போது போவும்."

சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. சோற்றை அள்ளி அள்ளி வைத்தார். போதும் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. என் மேல் வருத்தமாக இருக்கிற ஒருத்தர் எதிரில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருக்க, நான் குனிந்த தலை நிமிராமல் வைத்ததையெல்லாம் சாப்பிட்டேன். கிளம்பும்போது வாசல் வரை வந்தார். திரும்ப வா என்று சொல்லவில்லை. பஸ்ஸு இந்நேரம் கூட்டமாக இருக்கும், ரயிலில் போ என்றார்.

ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும்போது மருமகள் போன் செய்தாள். அதற்குள் செய்தி போய்விட்டது.

"ஏன் அத்தெ எங்கிட்ட சொல்லாம போனீங்க? பெரியத்தை இன்னா சொன்னாங்க?"

"ஒம்மேல வருத்தமே இல்லன்னாங்க."

"அது எனக்குத்தான் தெரியுமே. உங்க மேல?"

"இருக்குதாம்" என்றேன்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "செரி, பாத்து வாங்க" என்றாள். தனக்கு என் மேல் வருத்தம் இல்லை என்று அவளும் சொல்லவில்லை.